மந்திரவாதி கார்குழலியும் மூன்றாம் அத்தியாயமும்

கேள்வி: நான் எழுதிக்கொண்டிருப்பது ஃபேன்டஸி காதல் நாவல். அந்த வகைக் கதைகளையே கிண்டலடிக்கிற நாவல் என்றும் சொல்லலாம். நாயகி கார்குழலி ஒரு மந்திரவாதி, திருநங்கை. தான் ஒரு காதல் கதைக்குள் மாட்டிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியும். கதைசொல்லியோடு அடிக்கடி சண்டை போடுவாள். மூன்றாம் அத்தியாயத்தில், அரசவையில், உண்மையை வெளியே கொண்டுவரும் கஷாயத்தைத் தவறுதலாகக் குடித்துவிடுகிறாள். அவளுடைய பழைய ஆண்குரல் வெளியே வருகிறது, அவையே சிரிக்கிறது. படித்த நண்பர்கள் அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருநங்கையான என் தோழி மட்டும், "முதல் ரெண்டு அத்தியாயம் நல்லா சிரிச்சேன். மூணாவதுல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள். அந்தக் காட்சியை எடுத்துவிடட்டுமா? இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் பகடி என்று என்ன மிஞ்சும்? நான் திருநர் அல்ல. இதை எழுத உனக்கு என்ன உரிமை என்றும் ஒருவர் கேட்டுவிட்டார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

காட்சியை எடுக்க வேண்டாம். கஷாயத்தை மாற்றுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஐந்து அத்தியாயங்களையும் படித்தேன். உங்கள் தோழி சொன்னது மனம் புண்பட்டுச் சொன்ன வார்த்தை மட்டுமல்ல, கறாரான எடிட்டர் குறிப்பும்கூட. எந்த இடத்தில் சிரிப்பு நின்றது என்று துல்லியமாகச் சொல்லிவிட்டார். ஏன் நின்றது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

அந்தக் கஷாயம் என்ன செய்யும் என்று நீங்களே இரண்டாம் அத்தியாயத்தில் விதி எழுதியிருக்கிறீர்கள்: குடித்தவர் மறைத்து வைத்திருக்கும் உண்மை வெளியே வரும். கார்குழலி குடிக்கிறாள், ஆண்குரல் வருகிறது. அப்படியானால் உங்கள் கதையின் சட்டப்படி எது உண்மை, எது வேஷம்? அவள் பெண்ணாக இருப்பது ஒரு போர்வை, இழுத்தால் வந்துவிடும் என்று உங்கள் கஷாயம் தீர்ப்பு எழுதிவிட்டது. நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது மற்ற பக்கங்களில் தெரிகிறது. ஆனால் ஜோக்குக்கு ஆசிரியரின் நல்ல மனசு தெரியாது, அதன் பொறி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் அது வெடிக்கும். அவையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர்களோடு சேர்ந்து உங்கள் நண்பர்களும் சிரித்தார்கள். உங்கள் தோழிக்கு அந்த அவையில் கார்குழலிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

விதியை மாற்றாமலேயே காட்சியைத் திருப்பிவிடலாம். கஷாயம் உண்மையைத்தான் வெளிக்கொண்டுவரும் என்றால் அவள் குரல் மாறவே கூடாது. உதாரணத்துக்கு இப்படி:

கார்குழலி கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இளவரசே, உங்கள் குதிரை கொள்ளை அழகு" என்றாள். உங்களைப் பற்றியும் ஏதாவது சொல்லலாம் என்று பார்க்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது என்றும் சொன்னாள். அதற்குள் கஷாயத்தின் ஆவி அவை முழுக்கப் பரவிவிட்டது. தலைமை அமைச்சர் எழுந்து நின்று, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இத்தனை வருஷமும் ஓலையைத் தலைகீழாகப் பிடித்தே காலம் தள்ளினேன் என்று கணீரென்று அறிவித்தார். அரசவைப் புலவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நேற்றுப் பாடிய மெய்க்கீர்த்தி பக்கத்து நாட்டு ராஜாவுக்கு எழுதியது. பெயரை மட்டும் மாற்றினேன்" என்றார். ராஜா அழ ஆரம்பித்தார்.

உங்களால் இதைவிட நன்றாக எழுத முடியும். நான் காட்ட விரும்பியது ஒன்றுதான்: கஷாயம் அதே, அவை அதே, ஆனால் இப்போது வேஷம் போட்டிருந்தவர்கள் யார் என்பது மாறிவிட்டது. ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு நாலு சிரிப்பை வாங்கியிருக்கிறீர்கள். பகடி மிஞ்சுமா என்ற கவலை வேண்டாம்.

நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்கு ஊற்றுகள் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு உரை எழுதும்போது, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது இன்னொன்று என்று பிரிக்கிறார். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் கார்குழலிக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை. அவள் யாரையும் எள்ளவில்லை. எள்ளப்பட்டபோது சிரிக்கவும் இல்லை, ஓடிப்போய் நந்தவனத்தில் அழுதாள். நாவல் முழுக்க நாலு ஊற்றையும் யாருக்கு எவ்வளவு பங்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். என் கணக்கில் பேதைமை இளவரசனுக்குப் போக வேண்டும். மடன், அதாவது ஒரு தடவை மண்டையில் ஏறியதை எத்தனை சொன்னாலும் விடாத தன்மை, உங்கள் கதைசொல்லிக்கு அளவெடுத்துத் தைத்தது. எள்ளல் கார்குழலியின் கையில் இருக்கட்டும். இளமை எல்லாருக்கும் பொது. காதலில் விழுந்தவர்கள் எந்த வயதிலும் குழந்தைத்தனமாகத்தானே நடந்துகொள்கிறார்கள்.

மாறுவேடக் கதைகளின் வாசனை உங்கள் நாவலில் தூக்கலாக இருக்கிறது, பிரச்சினையின் வேர் அங்கேதான் என்று நினைக்கிறேன். நம் மரபில் அதற்குப் பஞ்சமே இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று பேடி ஆடல். வாணன் நகரில் காமன் பேடிக் கோலத்தில் ஆடியது. விராடன் அரண்மனையில் அர்ச்சுனன் பிருகன்னளையாக உத்தரைக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறான். இதெல்லாம் கோலம், அதாவது வேலை முடிந்ததும் கலைந்துவிடுவது. உள்ளே யார் இருக்கிறார் என்பது நமக்கு முன்பே தெரியும், எப்போது தெரியவரும் என்று காத்திருப்பதில்தான் சுவாரசியம். இந்தப் பொறியைத் திருநங்கை நாயகிக்குப் பொருத்தினால் கலைவதற்கு அங்கே எதுவும் இல்லை, அதனால் ஆசிரியர் வலிந்து எதையாவது கலைத்துக் காட்டுகிறார். கஷாயக் காட்சி அப்படி வந்ததுதான். (போகிற போக்கில் ஒன்று: விராட பர்வத்தில் நாம் சிரிப்பது பிருகன்னளையைப் பார்த்து அல்ல. வாய்ச்சவடால் அடித்துவிட்டு, கௌரவர் சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறானே உத்தரகுமாரன், அவனைப் பார்த்து. அந்த மாதிரி இளவரசன் உங்கள் நாவலுக்குக் கட்டாயம் தேவை.)

வேறு மாதிரி செய்தவர்களும் இருக்கிறார்கள். வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் எழுதிய ‘ஆர்லாண்டோ’ வாழ்க்கை வரலாற்று நூல்களைக் கேலி செய்யும் நாவல். ஆணாக இருந்த ஆர்லாண்டோ ஏழு நாள் தூங்கி எழுந்ததும் பெண்ணாக இருக்கிறாள். ஆர்லாண்டோவுக்கு அதில் பெரிய அதிர்ச்சியே இல்லை. வேடிக்கை பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஊர் திரும்பினால் அவள் சொத்தின் மேல் வழக்குகள்: அவள் இறந்துவிட்டாள், ஆகவே சொத்து வைத்திருக்க முடியாது, அவள் பெண், ஆகவே கிட்டத்தட்ட அதே கதிதான், போதாக்குறைக்கு இன்னும் ஒரு வழக்கு. சிரிப்பு முழுக்கச் சட்டத்தின் தலையில் விழுகிறது. உங்கள் மந்திரக் கோபுரத்திலும் அப்படி ஒரு தங்கச் சுரங்கம் இருக்கிறது, நீங்கள் அதை ஒரே பத்தியில் தாண்டிப் போய்விட்டீர்கள். மேல்மாடி ஆண் மந்திரவாதிகளுக்கு, நிலவறை பெண் சூனியக்காரிகளுக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதிவேட்டை எழுதும் குமாஸ்தாவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். கார்குழலியின் பெயரை எந்த ஏட்டில் எழுதுவது என்று தெரியாமல் அவர் பன்னிரண்டு வருஷமாக அவளைப் படிக்கட்டில் குடிவைத்திருக்கட்டும்.

முதல் அத்தியாயத்துக்கு வருகிறேன். கதைசொல்லி கேசாதிபாதம் பாட ஆரம்பிக்கும் இடம் உங்கள் நாவலின் ஆகச் சிறந்த பக்கம். கார்மேகம் போன்ற கூந்தல் என்கிறார் அவர். நேற்று டிராகன் எரித்துவிட்டது, மிச்சத்தை வெட்டிவிட்டேன், அடுத்து என்கிறாள் அவள். பிறை நெற்றி என்கிறார். கரி, அடுத்து. கழுத்துக்குக் கீழே வந்ததும், "அங்கேயே நில்லுங்கள். கதை எங்கே போய்க்கொண்டிருந்தது?" என்கிறாள். கூந்தலில் தொடங்கிப் பாதம் வரை பெண்ணை அளந்து பாடும் மரபுக்கு விழும் அடி அது. அதோடு திருநங்கைகளைக் கண்டதும் முன்பின் தெரியாதவர்கள்கூட உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்களே, அந்த வழக்கத்துக்கும் சத்தமில்லாமல் ஒரு அடி. உங்கள் தோழி அங்கே ஏன் சிரித்தார் என்று இப்போது புரிகிறதா?

இதை எழுதிய அதே கை ஐந்தாம் அத்தியாயத்தில் கதைசொல்லியைக் கட்டவிழ்த்துவிட்டிருக்கிறது. கார்குழலி தூங்கும்போது அவர் வாசகரிடம் அவள் உடம்பைப் பற்றிக் கிசுகிசுக்கிறார், அவளுடைய பழைய பெயரையும் சொல்லிவிடுகிறார். அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டுங்கள். அல்லது அவர் வாயைத் திறக்கும்போதே அவள் விழித்துக்கொள்ளட்டும்.

அதே அத்தியாயத்தில் இளவரசன் பழைய ஓவியம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான், "நீயா இது!" என்று மயங்கி விழுகிறான். இந்தக் காட்சி எனக்கு அலுப்பைத்தான் தந்தது. காதலன் "கண்டுபிடிப்பது", அதிர்வது, பிறகு பெருந்தன்மையோடு ஏற்பது என்று எத்தனை கதை படித்துவிட்டோம். ஏற்றுக்கொண்டான் என்பதற்காக அவனுக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு அது. அவனுக்கு முதல் சந்திப்பிலேயே தெரியும் என்று வைத்துவிடுங்கள், அவள் சொல்லியே தெரியட்டும். ரொமான்ஸ் நாவலுக்குத் தடை வேண்டும்தான், ஆனால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவனுக்கு மந்திரம் என்றாலே தும்மல் வரட்டும். அவள் வளர்க்கும் டிராகனிடம் அவன் அப்பா கப்பம் வசூலிக்கப் பார்க்கட்டும்.

தடை என்றதும் நினைவுக்கு வருகிறது. மடலேற்றத்தை நீங்கள் தொடவே இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது. காதல் கைகூடாத தலைவன் பனங்கருக்குக் குதிரையில் ஏறித் தெருவில் வருவான்; பெண்ணுக்கு அது கூடாது என்கிறது தொல்காப்பியம். கடல் போன்ற காமநோயில் தவித்தாலும் மடலேறாத பெண்ணைப் போல் பெருமை உடையது இல்லை என்று குறளும் சொல்கிறது (1137). திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில் பெண்ணின் குரலில் பேசி, பெண் மடலேறக் கூடாது என்ற அந்தத் தென்னுரையை, அதாவது தமிழ் மரபின் பேச்சை, நாங்கள் ஏற்கமாட்டோம் என்று அறிவித்துவிடுகிறார். இவ்வளவும் ஒரு பகடிக்காரருக்காகவே காத்துக் கிடக்கின்றன. கார்குழலி மடலேறப் போகிறாள் என்று வையுங்கள். அவளைப் பெண் என்று பதிவேட்டில் எழுதப் பன்னிரண்டு வருஷம் மறுத்த கோபுரத்துப் பண்டிதர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். "பெண் மடலேறக் கூடாது!" குறளை மேற்கோள் காட்டி, உரைகளை அடுக்கி, அவள் பெண்தான் என்று ஐயம் திரிபற நிறுவுகிறார்கள். குமாஸ்தா அதை அப்படியே ஏட்டில் குறித்துக்கொள்கிறார். கையெழுத்து வாங்கியதும் அவள் குதிரையில் ஏறுகிறாள். மந்திரவாதி ஆயிற்றே, பனைமடல் குதிரை கனைக்கிறது, ஒரு சுற்று பறக்கவும் செய்கிறது.

இதை எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. "எந்த ஆணாலும் இவனைக் கொல்ல முடியாது" என்று வில்லனுக்கு வரம் வைத்திருக்கிறீர்கள். மகிஷன் காலத்திலிருந்து ஓடித் தேய்ந்த ஓட்டை அது. அதைவிட, கடைசிச் சண்டையே நாயகியின் பாலினப் பரிசோதனையாகப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. வைத்தே தீருவேன் என்றால், குத்துப்பட்ட வில்லன் "நீ கணக்கில் வரமாட்டாய்" என்று வாதாட, வாதத்தைக் காதில் வாங்காமல் அவன் உயிர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கட்டும். அப்புறம், மந்திரவாதியாக இருந்தும் உடலை ஒரே மந்திரத்தில் மாற்றிக்கொண்டாளா, இல்லையா? வாசகர் கேட்பார். எந்தப் பதிலாக இருந்தாலும் இரண்டு வாக்கியத்தில், அவள் வாயாலேயே, அவளுக்கு எரிச்சலாக இருக்கும் ஒரு சமயத்தில் சொல்லவைத்துவிட்டு மேலே போங்கள். சிறுவயது நினைவுகள் வரும் இடங்களில் "ஓடினான், அழுதான்" என்று வினைமுற்றை மாற்றியிருக்கிறீர்கள். ஓடினாள், அழுதாள் என்றே இருக்கட்டும். தமிழில் அவன், அவள் என்று சொல்லும்போது ஒவ்வொரு வினைமுற்றும் பாலைச் சொல்லிவிடுவதால், ஆங்கிலத்தில் ஒரு சொல்லோடு போகும் பிழை இங்கே பத்தி முழுக்க விரவிக் கிடக்கும். தடுமாற்றமாக இருந்தால் அந்தப் பகுதிகளை அவளே "நான்" என்று சொல்லட்டும். ஓடினேன், அழுதேன் என்பதில் பால் இல்லை.

இப்படியெல்லாம் சொல்கிறேன் என்று பயந்து அவளைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். தோழி சொன்னபிறகு நீங்கள் திருத்தி அனுப்பிய நான்காம் அத்தியாயத்தில் அந்த நோய் தெரிகிறது. கார்குழலி எல்லாரையும் மன்னிக்கிறாள், நிலவொளியில் நின்று தத்துவம் பேசுகிறாள், ஒரு மந்திரம்கூடத் தப்புவதில்லை. கேலிப்பொருளாக்குவது போலவே இதுவும் ஆளைக் கதையிலிருந்து வெளியேற்றும் வழிதான், கொஞ்சம் மரியாதையோடு. காதல் கதை நாயகிகளுக்கே உரிய அத்தனை அசட்டுத்தனமும் அவளுக்கும் வேண்டும். கண்ணாடி முன்னால் நேரம் கழிக்கட்டும். இளவரசன் சிரித்தால் மந்திரத்தின் நடுவில் சொல் மறந்து தவளைக்குப் பதில் நாற்காலியை வரவழைக்கட்டும். சக மந்திரவாதியைப் பார்த்துப் பொறாமைப்படட்டும், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும். அவள் கர்வத்தை, கோபத்தை, சமைக்கத் தெரியாததைப் பார்த்துச் சிரிக்கலாம். திருநங்கையாக இருப்பதைப் பற்றி அவளே ஜோக் அடிக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் அதை எதிரிகள் முன்னால் தப்பிப்பதற்காக அடிக்காமல், தோழிகளோடு உட்கார்ந்து அடிக்கட்டும். அவளுக்கு இன்னொரு திருநங்கைத் தோழி ஏன் இல்லை என்பது தனிக் கேள்வி. ஊரில் அவள் ஒருத்தி மட்டும் என்றால் எல்லா பாரத்தையும் அவளே சுமக்க வேண்டியிருக்கும்.

"தான் கதைக்குள் இருப்பது தெரிந்த" விளையாட்டில் அளவு பாருங்கள். ஸ்பானிய நாவலான ‘டான் கிஹோத்தே’யின் 1615இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே பாத்திரங்கள் முதல் பாகத்தைப் படித்திருக்கிறார்கள், ஆகவே இது புது வித்தை இல்லை. இப்போது பக்கத்துக்கு நாலு தடவை அவள் வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். ஐந்தாம் அத்தியாயத்துக்குள் எனக்கு அந்தக் கண்ணைப் பார்த்தாலே அசதி. முத்தக் காட்சியில் கண்ணடிப்பே கூடாது. பகடியாக இருந்தாலும் இந்த இரண்டு பேரும் சேர வேண்டும் என்று வாசகர் தவிக்காவிட்டால் ரொமான்ஸ் செத்துவிடும், கிண்டலடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. முடிவில் அவள் உயிரோடு, காதலோடு, நல்ல மந்திரக்கோலோடு இருக்க வேண்டும். திருநங்கைப் பாத்திரத்தைக் கடைசியில் தியாகம் செய்து சாகடிக்கும் வழக்கத்தைப் பகடி செய்ய ஆசை என்றால், சாவுக்காட்சியை முழுசாக உருக்கமாக எழுதி, கதைசொல்லி விம்மும்போது அவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போகட்டும்.

எழுத உரிமை இருக்கிறதா என்று கேட்டவருக்கு: யாரும் அனுமதிச்சீட்டு தரப்போவதில்லை, எழுதலாம். ஆனால் வீட்டுப்பாடம் உண்டு. திருநங்கைகள் தாங்களே எழுதியதைப் படியுங்கள். ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ இரண்டிலிருந்தும் தொடங்கலாம். சம்பவங்களை உருவி நாவலில் போடுவதற்காகப் படிக்க வேண்டாம், அது வேறு குற்றம். எதற்குக் கோபம் வருகிறது, எதைக் கண்டுகொள்வதே இல்லை என்ற காது பழகுவதற்காகப் படியுங்கள்.

நாவல் முடிந்ததும் முழுப் பிரதியையும் திருநங்கை வாசகர் ஒருவருக்காவது கொடுங்கள், முடிந்தால் இரண்டு பேருக்கு, ஒருவர் பதில் எல்லாருடைய பதிலும் ஆகாது. "இது தப்பா?" என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் மரியாதைக்கு இல்லை என்றுதான் சொல்வார்கள். சிரித்த இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, சிரிப்பு நின்ற இடத்தில் ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள், அது போதும். உங்கள் தோழியே செய்வதாக இருந்தால் நட்பைச் சொல்லி இலவசமாக வாங்கிவிடாதீர்கள். பிரதி பார்க்கிறவருக்கு என்ன தருவீர்களோ அதையே அவருக்கும் தாருங்கள், நன்றியுரையில் பெயர் போடலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.